மூன்றாவது மாடியில் ஒரு நிறுத்தம்

பூட்டுக்காரர் குடியிருந்தது நான்காவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பதினாறு வருடமாகக் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி ஏறிக்கொண்டிருந்தவர்தான். மொத்தம் எழுபத்திரண்டு படி. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியவந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது.

முதலில் பாட்டு நின்றது. பிறகு இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றது. அப்புறம் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் நெஞ்சு துருத்தி மாதிரி அடித்துக்கொண்டது. காதுக்குள் கும்மென்று இரைச்சல். ஐம்பத்துநான்கு வயதில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் மலிவான பூட்டு மாதிரி. பார்த்தால் பூட்டு, இழுத்தால் கையோடு வந்துவிடும். அது அவருக்கே தெரியும்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மச்சான் இருந்தாரே! மனைவியின் தம்பி. போன வருடம் "படி ஏறினா லேசா மூச்சு வாங்குதுக்கா" என்று வாய்தவறி ஒரு வார்த்தை விட்டார். இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள், சரிசெய்தார்கள், ஆள் பிழைத்தார். எல்லாம் நல்லதுதான். ஆனால் அக்காவின் ஆட்சி தொடங்கிவிட்டது. உப்பு போனது, டீ போனது, சத்தமாகச் சிரிப்பதும் போனது. இப்போது மச்சான் ஜன்னலோரத்து நாற்காலியில் கண்ணாடிச் சாமான் மாதிரி இருக்கிறார். துடைத்து வைப்பது ஒன்றுதான் பாக்கி.

பூட்டுக்காரரின் மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் பிரேக் போட்டால் போட்டதுதான். ஆகவே பூட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. நின்று இளைப்பாறச் சாக்குத் தேடினார். தொழில் கைகொடுத்தது.

இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். பகலிலேயே மூன்று முறை தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற ஆசாமி. ஒரு சாயங்காலம் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பூட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்துகொண்டது.

"என்ன இங்க?"

"பூட்டு..." என்றார் பூட்டுக்காரர். ஒரு மூச்சு. "உங்க பூட்டு..." இன்னொரு மூச்சு. "சரியில்ல சார்."

குமாஸ்தாவுக்கு முகம் வியர்த்துவிட்டது. அத்தனை வருடம் பூட்டோடு பழகிய மனிதரே பேச்சு வராமல் தவிக்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம்! மறுநாளே புதுப் பூட்டு இரண்டும் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றும் போடச் சொன்னார். கட்டடம் முழுக்கச் சொல்லியும் வைத்தார். அடுத்த பத்து நாளில் இன்னும் நான்கு கதவுகளுக்கு வேலை வந்தது. மூச்சு போகப் போகத் தொழில் மூச்சுவிடாமல் நடந்தது.

மூன்றாவது மாடியில் பாட்டு டீச்சர். சாயங்காலமானால் உள்ளே வகுப்பு நடக்கும். கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாலைந்து நிமிடம் நின்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ரசிகர் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

குமாஸ்தா போட்ட கணக்கு வேறு. புதுத் தாழ்ப்பாளைச் சோதிக்க வெளியே வந்த நேரத்தில் தலையை உயர்த்திப் பார்த்தார். தனியாக வாழும் பெண்ணின் வாசலில், கண்ணை மூடி, நெஞ்சைத் தொட்டபடி ஓர் ஆண். நேற்றும் இதே கோலம், முந்தாநாளும் இதே கோலம். வதந்திக்குத்தான் மூச்சு வாங்காதே! அது ஒரே ஓட்டத்தில் நான்காவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, தலை நிமிராமல் கேட்டார்:

"மூணாவது மாடில தினமும் என்ன ஸ்டாப்பு?"

பூட்டுக்காரருக்குத் திக்கென்றது. உண்மையைச் சொன்னால் ஜன்னலோர நாற்காலி. சொல்லாவிட்டால்? எதிரே அலமாரிக் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தது. தொப்பை, நரைத்த மீசை, கழுத்தில் வலிக்காக ஒட்டிய பிளாஸ்திரி. இந்த மூஞ்சியைப் போய்ச் சந்தேகப்படுகிறார்களே! ஒரு கணம் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாட்டு கேட்டேன்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நெஞ்சுல கை வச்சுக்கிட்டா?"

"பாட்டு அப்படி."

மனைவி ஒரு சட்டையை நான்காக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்து வைத்தார். மறுநாள் பூட்டுக்காரர் மீசையைக் கத்தரித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குக் கிளம்பினார். நோயாளி என்ற பெயரைவிட இந்தப் பெயர் ஒன்றும் மோசமில்லை என்று தோன்றியது.

அந்த மிதப்பு ஒரு வாரம்தான். எட்டாம் நாள் சாயங்காலம் அவர் கட்டடத்துக்குள் நுழையும்போது மனைவி மாடிப்படியின் அடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, சேர்ந்தே போலாம். அந்த டீச்சர்கிட்ட எனக்கும் ரெண்டு வார்த்தை பேசணும்."

மணிக்கட்டைப் பிடித்தார். ஏறினார். பேருந்தை மேட்டில் ஏற்றுகிற அதே வேகம்.

"கொஞ்சம் நில்லும்மா... இந்த வீட்டுப் பூட்டை ஒரு தடவை..."

"பூட்டு எங்கயும் ஓடிப்போயிடாது. வாங்க."

இரண்டாவது மாடியில் குமாஸ்தாவின் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. அதற்கப்புறம் பூட்டுக்காரருக்குப் படிகள் தெரியவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மனைவி மூன்றாவது மாடியில் அழைப்புமணியை அழுத்திவிட்டு, பேச வேண்டிய முதல் வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு திரும்பினால், கணவர் சுவரோடு சரிந்து படியில் உட்கார்ந்திருக்கிறார். உதடு காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது.

கதவைத் திறந்த பாட்டு டீச்சர் அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு நாற்காலியும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தார்.

"மெதுவா வந்தா அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிடுவார். இன்னைக்கு ஏன் இப்படி ஓட வச்சீங்க?"

"தெளிஞ்சிடுவாரா? தினமும் இப்படியா?"

"ரெண்டு மாசமா! கதவுக்கு வெளியே புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம். முதல் நாள் பூனைன்னு நெனச்சுக் கிண்ணத்துல பால் வச்சேன்."

"உங்க பாட்டைக் கேக்கத்தான் நிக்கறேன்னு சொன்னாரே..."

"என் பசங்க பாடறதையா? சம்பளம் வாங்கறதால நான் கேக்கறேன். இவருக்கு என்ன தலையெழுத்து?" டீச்சர் குனிந்து பூட்டுக்காரரின் தோள் ஏறி இறங்குவதைக் கவனித்தார். "முப்பது வருஷமா மத்தவங்க மூச்சைக் கேட்டுத்தாங்க பொழைக்கறேன். இது நல்ல மூச்சு இல்ல. இவர்கிட்டயே சொன்னேன், டாக்டரைப் பாருங்கன்னு. உங்க பூட்டு சரியில்லம்மான்னுட்டுப் போயிட்டார்."

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் மனைவி படியிலேயே கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல... மூச்சுதான்..."

"சரி. பேசாதீங்க."

அந்த உரத்த குரல் அத்தனை சன்னமாக வந்ததில்தான் பூட்டுக்காரருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, கடைசியில் அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"ஐஸ் கட்டி கடிச்சுத் தின்னணும்னு தோணுதா?"

பூட்டுக்காரர் விழித்தார். மனைவிதான் பதில் சொன்னார்: "ஃப்ரிட்ஜ்ல ஒண்ணு விட்டு வைக்கறதில்ல டாக்டர். எலி கடிக்கற மாதிரி கடிக்கறார்."

"ரத்தம் குறைஞ்சா அந்த ஆசை வரும். மலம் எப்படிப் போகுது? கறுப்பா, தார் மாதிரியா?"

பூட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார். டாக்டர் காத்திருந்தார். மனைவியும் காத்திருந்தார்.

"...ஆமா."

"இதையுமா மறைச்சீங்க?"

"டீ குடிக்கறப்ப சொல்ற விஷயமாம்மா இது?"

கழுத்து வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. மூன்று வருடமாகத் தினம் இரண்டு, பெரும்பாலும் வெறும் வயிற்றில். அது இரைப்பையைப் புண்ணாக்கி, ஒழுகுகிற குழாய் மாதிரி உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. உடம்பில் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"உங்க இதயம் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "பாவம், இல்லாத ரத்தத்தை வச்சுக்கிட்டு உங்களை நாலு மாடி ஏத்தியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அதுவும் கையை விரிச்சிருக்கும். மூச்சு வாங்குதுன்னா உடம்பு ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். அதுக்குப் போய்ப் பூட்டு போடுவாங்களா?"

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் புண்ணைப் பார்த்து அடைத்தார்கள். பழைய மாத்திரையைக் குப்பையில் போட வைத்தார்கள். மறுநாள் மதியம் இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது பூட்டுக்காரரின் நகக்கண்ணில் லேசாக நிறம் திரும்பியிருந்தது. குறும்பும் திரும்பியிருந்தது.

"உண்மையைச் சொல்லு. நிஜமாவே அந்த டீச்சரையும் என்னையும் சந்தேகப்பட்டியா?"

"பின்னே? மீசையெல்லாம் வெட்டிக்கிட்டா?"

"அப்போ என் முகம் வெளுத்திருந்தது கண்ணுல படவே இல்லயா?"

"பட்டுது. அந்த ஒரு வாரம்தானே உங்க மூஞ்சிய உத்து உத்துப் பாத்தேன்." மனைவி போர்வையை இழுத்து அவர் காலை மூடினார். "திருட்டுத்தனம் பண்றவன் முகம் வெளுக்கத்தான் செய்யும்னு நெனச்சுட்டேன்."

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. மனைவியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படுக்கை குலுங்கியதில் ரத்தக் குழாய் ஆடியது. அடுத்த கட்டிலருகே நின்ற நர்ஸ் திரும்பி, "ஐயா, கையை ஆட்டாம சிரிங்க" என்றார்.