வெஸ்டர்ன் வைக்க இரண்டரை அடி

என் மகள் மஹ்ரீனுக்குத் துபாய் மாப்பிள்ளை அமைந்ததில் எங்கள் தெருவுக்கே வயிற்றெரிச்சல். அதை நான் நிம்மதியாக அனுபவித்துக்கொண்டிருந்தபோதுதான் விருதுநகரிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார்.

"சித்திகா, தப்பா நெனைக்காதீக. தம்பி ஏழு வருசமாத் துபாய்ல இருந்துட்டான். உக்கார்ற டாய்லெட்டு இல்லாத வீட்ல அவனால ஒரு நாள் தங்க முடியாது. உங்க வீட்ல இருக்குல்ல?"

"இருக்கே!" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். அதற்குள் வெஸ்டர்ன் வைக்காவிட்டால் மாப்பிள்ளை எங்கள் வாசற்படி ஏறமாட்டார், மகள் மூக்கைச் சிந்திக்கொண்டு தனியாகத்தான் வந்து போவாள்.

கொத்தனார் ஊர்க்காவலனைக் கூப்பிட்டு, கக்கூஸும் சேர்ந்திருந்த எங்கள் குளியலறையைக் காட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு அதைக் கட்டியவனே அவன்தான். உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குள்ள வெஸ்டர்ன் வச்சா மாப்பிள்ளைக்கு முட்டி கதவுல இடிக்கும்க்கா. கெழக்க ரெண்டரை அடி தள்ளிக் கட்டணும்" என்றான்.

கிழக்கே எங்கள் குளியலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் நாலடிச் சந்து. எங்கள் சந்து. அதில் கடை விரித்திருந்தவள் சொர்ணலட்சுமி. மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். புருஷன் இராமகிருஷ்ணனுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை. இவள் வீட்டில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பாள். மருந்தெல்லாம் கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். பசை காய வேண்டும் என்று சந்து முழுக்கப் பரப்பிவைத்துவிடுவாள். சீசன் வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. சிவகாசியில் வெயிலுக்கா பஞ்சம்? ஊரெல்லாம் அடிக்கிற வெயிலை விட்டுவிட்டு, இவளுக்கு மட்டும் என் சந்து வெயில்தான் ருசிக்கிறதாம்!

"ஏ சொர்ணம், குழாயெல்லாம் அள்ளு. இது எங்க எடம்" என்றேன்.

"எடத்தப் பத்தி எனக்கென்னக்கா தெரியும்? வீடு பாக்க வந்தப்பவே ஓனரு சந்தையும் சேத்துத்தான் காட்டுனாக."

"வாடகைக்கு இருக்கிறவளுக்கு எதுக்குடி எல்லைச் சண்டை?"

"அதேதான்க்கா நானும் கேக்குறேன். எனக்கு எதுக்குச் சண்டை? ஓனருகிட்ட பேசிக்கங்க."

பேச்சைப் பாருங்கள்! பதிலுக்குக் கத்தினாலாவது மனசு ஆறும். மறுநாள் துவைத்த சோப்புத் தண்ணீரைக் கை தவறியதுபோலச் சந்தில் ஊற்றினேன். ஒரு நாள் முழுக்க உருட்டிய குழாய் கஞ்சியாகிப் போனது. அவள் வெளியே வந்தாள். குழாயைப் பார்த்தாள், என் துவைகல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இன்னும் எரிச்சலானது.

என் வீட்டுக்காரர் ஜெய்லானி, பிரஸ்களுக்கு மை சப்ளை செய்கிறவர். "வேண்டாம் சித்திகா, சும்மா கெடக்குற சங்க ஊதிக் கெடுக்காத" என்றார். இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் யாரிடமும் சண்டை போட்டதில்லை. அவர் பங்கையும் சேர்த்து நானே போட்டிருக்கிறேன்.

இடத்தை அளந்து எல்லை காட்டச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தேன். "பக்கத்து இடத்துச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போகணும்மா, விலாசம் வேணும்" என்றார்கள். பக்கத்து வீட்டு ஓனர் நவநீதகிருஷ்ணன் மதுரையில் இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, கும்பிட்டுவிட்டு அப்படியே போய்விடுவார். சொர்ணலட்சுமிக்கு வீட்டைக் காட்டி வாடகைக்கு விட்டதோடு சரி, அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் விலாசத்தை நானே தேடிப்பிடித்து, பின்கோடு முதற்கொண்டு தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

ஆடி முடிந்த வாரத்தில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். நவநீதகிருஷ்ணன் காரில் வந்தார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று ஊர்க்காவலனையும் வரச் சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தேன், சொர்ணலட்சுமியைத் தவிர.

சர்வேயர் வரைபடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, "இந்த மூலையில ஒரு சர்வே கல் இருக்கணுமே" என்றார். மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். இல்லை. "இவகதான் பிடுங்கிப் போட்டுருப்பாக சார்!" என்று நான் சொர்ணலட்சுமி பக்கம் கையை நீட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டினாளா என்று எனக்குள் ஒரே குஷி.

மண்ணான கையைக் கழுவ சர்வேயர் எங்கள் குழாயடிக்குப் போனார். போனவர் அப்படியே என் துவைகல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். கல்லின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். கொத்திய அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது.

"இந்தக் கல்லு எப்படிம்மா இங்க வந்தது?"

நான் காலி டம்ளர்களைப் பொறுக்குவதுபோல அங்கிருந்து நழுவப் பார்த்தேன். ஊர்க்காவலன் இருக்கிறானே, உண்மை விளம்பி! "நான்தான் சார் போட்டேன். பாத்ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கெடைச்சுச்சு. துவைக்கத் தோதா இருக்கும்னு அக்காதான் எடுத்துவைக்கச் சொன்னாக" என்று ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

தெருமுனைக் கல்லிலிருந்து மறுபடி அளந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சந்து முழுவதும் நவநீதகிருஷ்ணனுடையது. அது போதாதென்று எங்கள் குளியலறையிலும் ஒன்றரை அடி அவருடையது. அதாவது, உட்காருகிற இடம் எங்களுக்குச் சொந்தம், வாளி வைக்கிற இடம் அவருக்குச் சொந்தம். இதைத் தெருவே நின்று கேட்டது. யா அல்லாஹ், பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"கல்யாண வீடு, இடிக்கச் சொல்ல மனசில்ல" என்றார் நவநீதகிருஷ்ணன். "உள்ள இருக்கிற ஒண்ணரை அடியையும், இனிமே கட்டப்போற ரெண்டரை அடியையும் வாடகைக்கு எடுத்துக்கங்க. ஆனா சந்தச் சேத்துத்தான் சொர்ணலட்சுமிக்கு விட்டுருக்கேன். அவுக சரின்னாத்தான்."

என் மகளின் மறுவீடு சொர்ணலட்சுமியின் வாயில் போய் நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா கட்டிக்கட்டும். நான் அவுக மொட்டமாடியில காயப்போட்டுக்கிறேன். அங்கன வெயில் இன்னும் நல்லா அடிக்கும்."

"அப்ப சரி" என்றார் அவர். "மாசம் பொறந்ததும் வாடகைய இவுககிட்டயே குடுத்துருங்கம்மா. தன்னோடதோட சேத்து அனுப்பிருவாக."

கார் போனதும் சொர்ணலட்சுமியைச் சந்தில் மறித்தேன். "அது சர்வே கல்லுன்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமாடி?"

"குடிவந்த அன்னைக்கே தெரியும்க்கா. எங்க அப்பா ஆமத்தூர்ல தலையாரி. இந்த மாதிரி கல்லுகளப் பாத்து வளந்தவதானே நான்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க தண்ணி ஊத்துன அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. ஓனருக்குத் தெரிஞ்சு இடிக்கச் சொல்லிட்டா மஹ்ரீன் எங்கன போய்க் குளிக்கும்னு விட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. நனைந்துபோன அந்தக் குழாய்களுக்கு ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வெஸ்டர்னுக்குள் செய்தித்தாளோடு போய் முக்கால் மணி நேரம் இருந்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூட வந்த சம்பந்தியம்மாவும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவரைத் தட்டினார்.

"நல்லாத்தான் கட்டிருக்கீக. எம்புட்டு எடம்! எல்லாம் சொந்த எடந்தானே?"

சரியாக அந்த நேரம் பார்த்து சொர்ணலட்சுமி எங்கள் மாடிப்படியில் குழாய்த் தட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அதுக்கென்னம்மா சந்தேகம்?" என்றாள் அவள். "எல்லாம் அக்கா எடந்தான். நாங்கதான் வாடகைக்கு இருக்கோம்."

சம்பந்தியம்மா திருப்தியாக உள்ளே போனார். சொர்ணலட்சுமி தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"இன்னைக்குத் தேதி ஒண்ணுக்கா."