கொடியில் காய்ந்த பச்சைச் சேட்டு

“அந்தச் சேட்டு அவளுடைய புருசனுடையது அல்ல.”

என்னுடைய நாவலின் முதல் வரி இது. எழுதி முடித்ததும் எனக்கு நானே ஒரு பிளேன்ரீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி. முதல் அத்தியாயத்தில் வாசகனுக்குத் தூண்டில் இரையைக் காட்ட வேண்டும், விழுங்கக் கொடுக்கக்கூடாது. ஆகவே ஒரு விதவை. அவள் வீட்டுக் கொடியில் கிழமை தவறாமல் காயும் ஓர் ஆம்பிளைச் சட்டை, எங்கள் பேச்சில் சேட்டு. யாருடையது என்று சொல்லாமல் முற்றுப்புள்ளி. விடை மூன்றாம் அத்தியாயத்தில். குருநகரில் எங்கள் கோயில் பங்கின் மாத இதழில் வந்ததோ முதல் அத்தியாயம் மட்டும்.

எங்கள் முன்வீட்டில் இருக்கும், வெளிநாடு போன யோசப்பின் அக்காதான் அந்த விதவை என்று ஒருவருக்கும் தெரியக்கூடாதென்று மரியம்மா என்று பெயர் வைத்தேன். பெயரை மாற்றிய மேதைக்குச் சேட்டின் பச்சை நிறத்தை மாற்றத் தோன்றவில்லை. வருசக்கணக்காக அந்தக் கொடியைத் தாண்டிப் பூசைக்குப் போன சனம், இதழ் வந்த அந்த ஞாயிறுதான் நின்று பார்த்தது.

அன்றுதான் யோசப்பின் அக்காவின் மகள் றொசாந்திக்குக் கோயிலில் மூன்று கலியாண ஓலைகளில் இரண்டாவதைக் கூறினார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார் சுவாமி. உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்துதான் திறந்தார்கள்.

பின்னேரமே மாப்பிள்ளையின் தகப்பன் லெனாட் அண்ணை ஆள்விட்டுச் சொன்னார்: மூன்றாவது ஓலை கூற வேண்டாமாம்.

என் மனைவி லவீனா இதழைத் தூக்கி என் மடியில் எறிந்தாள். “எழும்புங்கோ. வந்து உங்கடை மூண்டாம் அத்தியாயத்தைச் சொல்லுங்கோ.”

போனோம். லெனாட் அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அண்ணை, அந்தச் சேட்டு...” பழக்கதோசம், கொஞ்சம் இடைவெளி விட்டேன். “என்ரை.”

வலையூசி நின்றது.

“என்ன சொன்னனீர்?”

“என்ரை பழைய சேட்டு. அது அங்கை எப்பிடிப் போனதெண்டால், அது பெரிய கதை...”

“சும்மா இருங்கோப்பா!” லவீனா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். “அண்ணை, நான்தான் குடுத்தனான். யோசப்பின்ரை அக்காவின்ரை மனுசன் கடலிலை போனபிறகு தாயும் பிள்ளையும் தனிய. றோட்டாலை போற கள்ளன் உள்ளுக்கை ஆம்பிளை இருக்கெண்டு நினைக்கட்டும், ஒரு பழஞ்சேட்டுத் தா எண்டு கேட்டவ. கிழமைக்கொருக்கா நனைச்சுக் காயப்போடுறவ. உவ்வளவும்தான்.”

என் மூன்று அத்தியாயங்களும் ஒரே மூச்சில் முடிந்தன.

லெனாட் அண்ணை என்னைப் பார்த்தார். “உம்மடை மனுசி எழுதியிருக்கலாம்.”

மூன்றாவது ஓலை கூறினார்கள். அதற்குள் லெனாட் அண்ணை சம்பந்தியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கரையிலும் சந்தையிலும் சேட்டின் கதையைச் சொல்லி முடித்திருந்தார். கள்ளரும் சந்தைக்கு வருகிறவர்கள்தானே.

கலியாணம் முடிந்த மறுநாள் யோசப்பின் அக்கா சேட்டை மடித்துக் கொண்டுவந்தா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இந்தாரும் தம்பி. பிள்ளை கரைசேந்திட்டாள். இனி நான் தனிய எண்டு ஊருக்கே தெரியும். இதைக் காயப்போட்டு என்ன?”

சேட்டை இரண்டு கையாலும் வாங்கினேன்.

இப்போது பின்னேரங்களில் அவவின் வாசல் படலையடியில், கள்ளர் பார்க்க, கதிரை போட்டு இருக்கிறேன், அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு. வயிற்றுப் பொத்தான் பூட்டுப்படுவதில்லை. பக்கத்துக் கதிரையில், ஊர் பார்க்க, லவீனா.