சாகமாட்டேன் என்ற ஒன்பதாவது ரவுடி

லோக்சானுக்குச் சாவதுதான் வேலை. கவுலூனில் சண்டைப்படம் எடுக்கிற ஸ்டூடியோக்களில் ஆறு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தான். கத்தியில் செத்தான், கம்பில் செத்தான், ஒருதடவை கோழிக்கூண்டின் மேல் விழுந்து செத்தான். பல்டியில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஷாட் முடிந்துவிட்டால், பூனை எதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற ஆள்.

படத்தில் பிணமாகக் கிடந்தவனுக்குக் கம்பெனி ஒரு சிவப்பு உறை கொடுக்கும். உள்ளே இருப்பது தீட்டுக் கழிக்கிற காசு. அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, போகிற வழியிலேயே செலவழித்துவிட வேண்டும். சினிமாக்காரன் உன் சம்பளத்தில் கை வைப்பான், இந்த உறையில் மட்டும் வைக்க மாட்டான். பயம்.

செத்து எழுந்ததும் லோக்சான் அந்தக் காசில் எதிர்க்கடையில் ஒரு அன்னாசி பன் வாங்குவான். பேர்தான் அன்னாசி, உள்ளே மருந்துக்கும் அன்னாசி கிடையாது. பேரை நம்பி எதையும் வாங்கக் கூடாது. அதைத் தையல் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவான். கிழிந்த சட்டைகளைத் தைக்கிற சியூமானின் மேசை அது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று இரண்டு வருஷமாக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அப்போது எடுத்த படமும் வழக்கமான கதைதான். பயந்தாங்கொள்ளி ஒருத்தன் காதலிக்காக ஒன்பது ரவுடிகளை அடிக்கிறான். ஷாட் இல்லாத நேரமெல்லாம் ஹீரோ குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். லோக்சான் ஒன்பதாவது ரவுடி. அன்று கடைசி நாள். திங்கட்கிழமை சியூமான் வேறு ஸ்டூடியோவுக்குப் போகிறாள். இன்று பேசாவிட்டால் பிறகு பேச ஆளில்லை.

மதியம் வாத்துக்கறிச் சோற்றை மென்றுகொண்டிருந்த சண்டைப் பயிற்சியாளர் க்வொக் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சியூமான், சாயங்காலம் உனக்குப் பன்னு உண்டு. இவன் சாகப்போறான்ல.”

இவன் சாவதற்கும் பன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“பொணக்காசுலயா எனக்கு வாங்கிட்டு வந்த?”

தீட்டை அவள் தலையில் கட்டுகிறோம் என்று லோக்சானுக்குத் தோன்றியதே இல்லை. கைக்கு வந்த காசு நல்ல இடத்துக்குப் போகட்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான். அவள் எழுந்து போய்விட்டாள். அப்புறம் தையல் மெஷின் சத்தம்தான் கேட்டது.

கடைசி ஷாட். ஹீரோ நெஞ்சில் உதைத்தான். லோக்சான் மூன்று பல்டி அடித்து விழுந்தான். விழுந்தவன் எழுந்து நின்றான். மறுபடி உதை, மறுபடி எழுந்தான். மூன்றாம் தடவையும் அதேதான். ஹீரோவுக்கு மூச்சு வாங்கியது.

“ஏன்டா, சாகறதுக்கு உனக்குச் சொல்லித் தரணுமா?” என்றார் மாஸ்டர்.

லோக்சான் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: “இன்னைக்குச் சாகமாட்டேன் மாஸ்டர். செத்தா உறை குடுப்பீங்க. அந்தக் காசுல இனிமே அவங்களுக்கு வாங்க மாட்டேன். வாங்கிக் குடுக்காம இருக்கவும் என்னால முடியாது.”

தையல் மெஷின் நின்றது. ஒருத்தியிடம் சொல்ல முடியாததை நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

டைரக்டருக்குச் சிரிப்பு எங்கே கிடக்கிறது என்று மூக்கில் தெரியும். ஒன்பதாவது ரவுடி சாக வேண்டாம், ஹீரோ களைத்து உட்காரும்வரை எழுந்துகொண்டே இருக்கட்டும் என்றார். அந்தப் படத்தில் பார்க்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் சியூமான் வாசலில் நின்றாள். அவனை எதிர்க்கடைக்கு அழைத்துப்போய் அவன் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். தேநீர் ஊற்றியவருக்கு நன்றி சொல்ல, அந்த ஊரில் மேசையில் இரண்டு விரலால் தட்ட வேண்டும். அவன் பதற்றத்தில் ஏழெட்டுத் தடவை தட்டினான்.

“போதும், நன்றி வந்து சேர்ந்துடுச்சு. எத்தனை பன்னு ஆச்சு இதுவரைக்கும்?”

“முப்பத்தொண்ணுங்க.”

“முப்பத்தொண்ணையும் தின்னுருக்கேன். இடுப்புதான் பெருத்துச்சு. தீட்டு ஒண்ணும் ஒட்டல.”

அவன் தன் கூலியிலிருந்து ஒரு பன் வாங்கினான். அவள் அதைப் பிட்டுப் பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

“புது ஸ்டூடியோவுல சாக ஆளு தேடறாங்களாம். திங்கக்கிழமை வர்றியா?”

“வர்றேங்க” என்றான். கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.