விதி எழுதியவரின் பிழைகள்

பாகீரதி மறுபடியும் திருப்பி அனுப்பியதும் சஃபியாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

முத்துப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே அவள் எழுதிய மென்பொருள் அது. சர்வே எண்ணைத் தட்டினால், புதிதாகப் பதிக்கப்போகும் எரிவாயுக் குழாய் அந்த வயல் வழியாகப் போகிறதா என்று படத்தில் காட்டும். விவசாயிகள் சங்கத்துக் கணினிகளில் இருந்தது ஓர் இலவசத் தமிழ் இயங்குதளம். அதில் எதைச் சேர்ப்பதென்றாலும், மென்பொருளைப் பொதியாகக் கட்டும் பில்ட் ஸ்கிரிப்ட் பொதுவிதிகளின்படி இருக்க வேண்டும். விதிகளை எழுதியவர் மயிலாடுதுறைக் கல்லூரி ஆசிரியை பாகீரதி. சரிபார்ப்பவரும் அவரே.

சஃபியா போன் செய்தாள். "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது மேடம்?"

"உங்களோடதுல ஓடும். என்னென்ன வேணும்னு ஸ்கிரிப்ட்லயே சொல்லணும்ல? நீங்க தமிழ் ஃபான்ட்டைச் சொல்லாம விட்டுட்டீங்க. இங்க ஊர்ப் பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது."

சஃபியா போனை வைத்தாள். உடனே திருத்தினாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. இயங்குதளத்திலிருந்த எல்லா ஸ்கிரிப்டுகளையும் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு. பிழைகளில் பெரும்பாலானவை பாகீரதியின் சொந்த ஸ்கிரிப்டுகளில்!

தயங்கித் தயங்கித்தான் அந்தப் பட்டியலைப் பாகீரதிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"எல்லாம் விதி போடறதுக்கு முன்னாடி எழுதினது. திரும்பிப் பார்க்கவே இல்ல, மானம் போச்சு! ஞாயித்துக்கிழமை அங்க வரேன் சஃபியா. உக்காந்து திருத்திடுவோம்."

சொன்னபடி பஸ் ஏறி வந்தார். சஃபியாவின் உம்மா ஜன்னத் பீவி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைக்க, இருவரும் சாப்பிட்டுக்கொண்டே திருத்தினார்கள். பொதியோடு வரும் விளக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற விதியோடு சஃபியா சண்டை போட்டாள். பாகீரதி அதை அங்கேயே அழித்தார். மாலைக்குள் திரையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. சஃபியாவின் பொதியும் இயங்குதளத்தில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் சங்கச் செயலாளர் கலந்தர் அதைத் திறந்தார். வாய்க்கால் கரையோரம் போவதாக அதிகாரிகள் சொன்ன குழாய், படத்தில் நடவு முடிந்த வயல்களை அறுத்துக்கொண்டு போனது. படத்தை அச்செடுத்துக்கொண்டு ஊரே குழாய்த் திட்ட விசாரணைக்குப் போனது. மறுபடி அளக்க அதிகாரி ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும் கலந்தர் சஃபியாவைத் தேடிப் பிடித்தார்.

"பக்கத்து ஊர்க்காரங்களும் கேக்குறாங்கம்மா. அவங்க கம்ப்யூட்டர்ல ஏறுமா?"

"எந்த ஊர்லயும் ஏறும்ண்ணே! வேணுங்கிறதெல்லாம் ஸ்கிரிப்ட்லயே இருக்கு!" என்று சந்தோஷத்தில் கத்தியே விட்டாள் சஃபியா.