கூடத்துக்குள் வந்த அடுப்பு

பெட்டியைக் கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டு ஜெயவேலு சட்டையைக் கழற்றியபோதே, இன்றைக்கு இந்த வீட்டில் யாரும் இரைந்து பேசக்கூடாது என்று தையல்நாயகிக்குத் தெரிந்துவிட்டது. பர்மா பஜாரில் வாங்கி, பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, சனிக்கிழமைக் கூட்டத்தில் யார் கால் பட்டாலும் முறைத்துக்கொண்டே தாம்பரம் வரை அதை மடியில் வைத்து வந்திருந்தான். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்தரையில் நின்று இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. ஆறு வயது மகள் செல்லி படத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். தையல்நாயகி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இந்த அடுப்பு ஆசை எங்கிருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தெரியும். ராஜகீழ்ப்பாக்கத்தில் குடும்பத்துக்கு நெல் விளைந்த நிலத்தை ஜெயவேலுவின் அப்பா காலத்திலேயே மனை போட ஆரம்பித்திருந்தார்கள். மிச்சமிருந்த மனைகளில் ஒன்றை, குவைத் சண்டையில் வேலை போய் ஊர் திரும்பிய ஐசக் வாங்கி மாடி வீடு கட்டினார். போன மே மாதம் அவர் வீட்டு மொட்டைமாடியில் தெருக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, அங்கிருந்து கொண்டு வந்த கிரில்லில் கோழி சுட்டுக் கொடுத்தார். ஜெயவேலு உரிமையோடு கிட்டே போய்க் கோழி கோத்த ஒரு கம்பியைத் திருப்பப் போனான். "ஜெயவேலு, தள்ளி நில்லுங்க. இது நம்ம ஊரு அடுப்பு மாதிரி இல்ல, பழக்கம் வேணும்" என்றார் ஐசக். மனதில் எதையும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. ஆனால் பேங்க்காரர், வாத்தியார், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயவேலுவும் சிரித்தான். தன் அப்பா நாற்று நட்ட இடத்தின் மேல் நின்றுகொண்டு, தட்டை ஏந்தியபடி சிரித்தான்.

கை ஓங்குகிற ஆள் இல்லை அவன். பேச்சை நிறுத்திவிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மச்சான் எதிரில் ஒரு மனையின் எல்லையை ஜெயவேலு தப்பாகச் சொல்ல, இவள் வாய் தவறித் திருத்திவிட்டாள். ஆடியில் நின்ற பேச்சு புரட்டாசியில்தான் திரும்பியது. அதுவரை செல்லிதான் தூது. தண்ணி காயலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு, சாப்பாடு வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு. அடி விழுந்திருந்தால்கூட ஒரு நாளில் முடிந்திருக்கும் என்று அவள் அப்போது நினைத்தாள். அந்த இரண்டு மாதமும் சொந்த வீட்டில் சுவரோடு சுவராக நடமாடினாள்.

பெட்டிக்குள்ளிருந்து மூன்று குழாய்க் கால்கள், அகலமான கறுப்புத் தொட்டி, மூடி, கம்பி வலை, சாம்பல் தட்டு, பிளாஸ்டிக் பையில் போல்ட்டு நட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. கூடவே ஒரு தாள். அதில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அதைக் கசக்கி எறிந்துவிட்டு ஜெயவேலு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் கால் ஒழுங்காக ஏறியது. இரண்டாவதில் ஓட்டை நேராக நிற்கவில்லை. சுத்தியால் தட்டினான். தட்டிய இடத்தில் கறுப்புப் பூச்சு பெயர்ந்து தகரம் பல்லைக் காட்டியது. அவன் கழுத்து நரம்பு எழும்புவதை அடுக்களை வாசலிலிருந்து தையல்நாயகி பார்த்தாள். மூன்றாவது காலுக்கு வந்தபோது ஒரு போல்ட்டு குறைந்தது.

அவன் பெட்டியைக் கவிழ்த்து உதறினான். பாயைத் தூக்கினான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான், "யார் இத்த தொட்டது?"

யாரும் தொடவில்லை என்றாள் அவள். தையல் மிஷின் டிராயரில் அந்த அளவில் ஒன்று இருக்கும், எடுத்து வரட்டுமா என்றும் கேட்டாள். அவன் எழுந்தான். வீடு கட்டியபோது மிஞ்சிய கட்டுக்கம்பியைக் கொல்லையிலிருந்து கொண்டுவந்து, அந்தக் காலை முறுக்கி முறுக்கித் தொட்டியோடு கட்டினான். நிமிர்த்தி வைத்தபோது அடுப்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தான். முகம் தெளிந்தது. "சோக்கா கீதில்ல?" என்றான். அவள் ஆமாம் என்று தலையாட்டியபோதுதான் தன் பல் இவ்வளவு நேரமும் இறுகிக் கிடந்தது அவளுக்கே தெரிந்தது.

ஞாயிறு மாலைக்கு ஐசக்கையும் அவர் மனைவி மெட்டில்டாவையும் மட்டும் அழைத்திருந்தான். ஐப்பசி மழைக்காலம். மதியத்திலிருந்தே கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சார் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார் என்றான். மார்க்கெட் கரிக்கடையில் வாங்கிய கரி ஒரு சாக்கு நிறைய இருந்தது. பாதியைத் தொட்டியில் கொட்டி, மண்ணெண்ணெய் தெளித்து, வாசலில் பற்றவைத்தான். விருந்தாளிகள் வந்து நாற்காலியில் உட்காரவும் கரி சிவக்கவும் சரியாக இருந்தது. ஐசக் அடுப்பைச் சுற்றி வந்து பார்த்து, நல்ல மாடல் என்றார். ஜெயவேலுவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

முதல் கம்பியை வைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஜெயவேலு நாற்காலிகளை உள்ளே போடச் சொல்லிவிட்டு, தோள் துண்டைக் கையில் சுற்றி, அடுப்பைப் படியேற்றிக் கூடத்துக்குள் இழுத்தான்.

"உள்ள வேணாமே, ஸ்மோக் ஆயிடும்" என்றார் ஐசக்.

"புகையே இல்ல சார். கரி செவந்துடுச்சி, பாருங்க."

உண்மையிலேயே புகை இல்லை. ஐசக் உள்ளே வந்து உட்கார்ந்தார். சாரல் கிழக்குச் சன்னலில் நேராக அடித்தது. புது வீட்டுக் கண்ணாடிச் சன்னல்கள், இழுத்தால் ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் இருந்த எல்லாவற்றையும் மூடினார்கள். வாசற்கதவையும் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. மெழுகுவத்தியும் அடுப்பின் செம்மையுமாகக் கூடம் அழகாகத்தான் இருந்தது. செல்லி அடுப்புக்குக் கிட்டே பாயில் உட்கார்ந்து, குளிருக்கு இதமாக முட்டியைக் கட்டிக்கொண்டாள். ஜெயவேலு பேசிக்கொண்டே கம்பிகளைத் திருப்பினான். இடையில் இன்னும் இரண்டு கை கரி போட்டான்.

தையல்நாயகிக்கு நெற்றிப்பொட்டில் வலி தெறிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்து சாப்பிடாததுதான் என்று நினைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்க அடுக்களைக்குப் போனாள். அங்கே சன்னல் கொக்கி உடைந்திருந்ததால் ஒரு கதவு திறந்தே கிடந்தது, மேடையெல்லாம் மழைத்தண்ணீர். நறுக்கி முடிப்பதற்குள் வலி விட்டிருந்தது. தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். நாலு அடி வைப்பதற்குள் தலை மறுபடி கனத்தது. மெட்டில்டா பேச்சை நிறுத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐசக் கண்ணை மூடி மூடித் திறந்தார். ஜெயவேலு மட்டும் பேசிக்கொண்டிருந்தான், ஆனால் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

செல்லி பாயில் சரிந்து கிடந்தாள். தையல்நாயகி குனிந்து கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். தூக்கிய கை, விட்டதும் துணி மாதிரி விழுந்தது.

"கொயந்த எழுந்துக்க மாட்டேங்குது" என்றாள்.

"மழைக்குத் தூங்குது. வுடு."

அவள் போய் வாசற்கதவைத் திறந்தாள். காற்றும் சாரலும் உள்ளே பாய்ந்து மெழுகுவத்தி அணைந்தது. ஜெயவேலு எழுந்து வந்து கதவைச் சாத்தினான். அவள் காதருகே, விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில், "சார் எதிர்ல மானத்த வாங்காத" என்றான்.

அவன் குரலைவிட, அதற்குப் பின்னால் வரப்போகிற பேச்சில்லாத மாதங்கள்தான் அவள் கண்ணெதிரே வந்தன. ஒரு கணம் அவள் நின்றுவிட்டாள். அந்த ஒரு கணத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து அவள் உடம்பு கூசியது. பிறகு திரும்பிப் போய் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ பேசவே வேணாம்" என்றாள். "ஆயுசுக்கும் பேச வேணாம். கதவ வுட்டு நகரு."

அவன் நகரவில்லை. அவள் தோளால் அவனை இடித்துத் தள்ளிக் கதவைத் திறந்து, மழைக்குள் இறங்கினாள். மழை குழந்தையின் முகத்தில் நேராக அடித்தது. இமைகூட அசையவில்லை. பின்னாலேயே வந்த ஜெயவேலு படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். தன் காலைத் தானே புரியாமல் பார்த்தான். கை நீட்டி மகளின் பாதத்தைத் தொட்டான். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

உள்ளே மெட்டில்டாவால் எழுந்திருக்க முடியவில்லை. ஜெயவேலு தவழாத குறையாகப் போய், துண்டு சுற்றவும் மறந்து, வெறுங்கையால் அடுப்பின் விளிம்பைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினான். படியில் கம்பி கட்டிய கால் கழன்றுகொண்டது. தொட்டி உருண்டு, சிவந்த கரி முழுவதும் வாசல் தண்ணீரில் விழுந்து சீறியது. பிறகு மெட்டில்டாவை அவனும் ஐசக்குமாகத் தாங்கிக் கொண்டுவந்து வாசற்படியில் உட்காரவைத்தார்கள். அவள் குனிந்து வாந்தியெடுத்தாள். "நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்க" என்றார் ஐசக். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

மழையில் ஆட்டோ ஒன்றும் இல்லை. ஜெயவேலு தன் ஸ்கூட்டரை எடுத்தான். தையல்நாயகி மகளை நடுவில் இறுக்கி உட்கார்ந்தாள். வேளச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடிற்று. இரண்டு முறை வண்டி நின்று, இரண்டு முறையும் உதைத்து உதைத்துக் கிளப்பினான். அவன் தோள்கள் குலுங்குவதை அவள் நெற்றி உணர்ந்தது, குளிரினாலா என்று தெரியவில்லை. சேலையூர் ஏரிப் பக்கம் வந்தபோது குழந்தையின் வயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது. அவன் முதுகெல்லாம் வாந்தி. அதற்குப் பிறகு பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை.

"அழுவுறா" என்றாள். அவன் வண்டியை நிறுத்தவில்லை. வேகம் மட்டும் கூடியது.

நர்சிங் ஹோமில் குழந்தையின் மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பா, புகை தெரியாமலே விஷவாயு வருமே என்று கேட்ட டாக்டர், மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து இவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும், பயமில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார். அந்த 'நினைக்கிறேன்' அவளைக் கட்டில் பக்கத்திலேயே நிற்கவைத்தது. நர்ஸ், ஜெயவேலுவின் கொப்பளித்த உள்ளங்கைகளில் களிம்பு தடவித் துணி சுற்றினாள். அவன் கட்டிலுக்கு வரவில்லை. அவளும் அவனைக் கூப்பிடவில்லை.

அந்த அறைக்கு ஸ்பிரிங் வைத்த கதவு. யார் வந்து போனாலும் தானாகச் சாத்திக்கொள்ளும். இரண்டு மூன்று முறை அது சாத்திக்கொண்டதை ஜெயவேலு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய், அதை முதுகால் தள்ளித் திறந்து, சுற்றிய கைகளை மார்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். தாழ்வாரத்திலிருந்து காற்று உள்ளே வந்தது. செல்லியின் போர்வை ஓரம் அசைந்தது.

"சார், கதவ விடுங்க. சாரல் அடிக்குது" என்றாள் நர்ஸ்.

அவன் விடவில்லை. ஸ்பிரிங் அவன் முதுகை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. அவன் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டான்.