பத்து கிலோ போர்டும் ஒரு ட்ரம் பூச்சியும்

மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருஷம் முன்பிருந்தே கொதிக்கும் ஆசிட்டில் குடும்பம் நடத்திவரும் ஓர் உயிருக்குச் சந்தோஷ்குமார் வைத்த விலை லிட்டருக்கு நாலாயிரம் ரூபாய். ஜிஎஸ்டி தனி.

ஆலங்குடியில் பழைய இரும்புக் கடை நடத்தும் அமராவதிக்கு அந்த ஜிஎஸ்டிதான் இடித்தது. பில் புத்தகம் இல்லாதவன்தான் அதை அவ்வளவு சத்தமாகச் சொல்வான். அவள் கணவன் நாகராசுவுக்கோ எல்லாமே பிடித்துப்போயிற்று. பழைய டிவி, கம்ப்யூட்டர் போர்டிலிருந்து செம்பு எடுத்துத் தரும் பூச்சியாம். குவைத்தில் பதினோரு வருஷம் வெந்து சேர்த்த ஐந்து லட்சத்தை அதன் ஏஜென்சிக்குக் கொடுப்பதென்று முடிவே செய்துவிட்டான்.

சந்தோஷ்குமார் கொடுத்த நோட்டீஸில் பொய் இல்லை. புதுக்கோட்டையில் மைக்ரோபயாலஜி படிக்கும் மகள் காவ்யாவே படித்துவிட்டு ஆமாம் என்றாள். எழுபது, எண்பது டிகிரிச் சூட்டில்தான் அந்த நுண்ணுயிருக்குச் சுகம். இரும்பையும் கந்தகத்தையும் தின்னும். அது மாற்றிவிடும் இரும்புத் தண்ணீர் செம்பை அரித்துக் கரைக்கும். செம்பு தன் உடம்புக்குள் புகுந்தால் மூட்டை கட்டி வெளியே தள்ளிவிடும். சரக்கைத் தேங்கவிடாத பிறவி என்று அமராவதிக்கு அதன்மேல் மரியாதையே வந்தது. விற்க வந்தவன்மேல்தான் வரவில்லை.

"முதல்ல செஞ்சு காட்டு தம்பி" என்றாள்.

கடைக் கொல்லையில் ட்ரம் வந்து இறங்கியது. பத்து கிலோ டிவி போர்டு உள்ளே போனது. பதினைந்து நாள், சந்தோஷ்குமார் தினமும் வந்து ஒரு கறுப்புக் கேனிலிருந்து பூச்சிக்குத் 'தீவனம்' ஊற்றினான். தானும் ஒரு டீ குடித்து இரண்டு வடை தின்றான்.

"எண்பது டிகிரி வேணும்னு போட்டுருக்கே, அடுப்பு எங்க?"

"நம்ம ஊரு வெயிலே போதும்க்கா."

அமராவதி ட்ரம்முக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

பதினைந்தாம் நாள் தண்ணீர் நீலமாகியிருந்தது. சந்தோஷ்குமார் ஓர் இரும்பாணியை முக்கி எடுத்தான். ஆணி செம்புச் சிவப்பு.

"பாத்தியா!" நாகராசு துள்ளினான். "போர்டுல இருந்த செம்பு பூரா தண்ணில எறங்கிருச்சு. ஒனக்கு எதுலயும் சந்தேகம்." செக் புத்தகம் கைக்கு வந்துவிட்டது.

"இருங்க. எறங்குனா போர்டு கொறஞ்சிருக்கணும்ல?"

வரும் சரக்கையும் போகும் சரக்கையும் எடை போடாத பழைய இரும்புக் கடை உலகத்தில் இல்லை. அதை அந்தப் புத்திசாலி மறந்திருந்தான். அமராவதி போர்டுகளைக் கழுவி உச்சிவெயிலில் பரப்பினாள். செக் கிடைக்கும் என்ற ஆசையில் அவனும் உட்கார்ந்திருந்தான். காய்ந்ததும் தராசில் ஏற்றினாள்.

பத்து கிலோ.

"பூச்சி ரொம்பச் சின்னதுக்கா. மெதுவாத்தான் திங்கும்."

"அப்ப ஆணியில ஏறுனது யாரு வீட்டுச் செம்பு?" என்றபடி இன்னோர் ஆணியைத் தீவனக் கேனுக்குள் விட்டாள். அதுவும் சிவந்தது. "மயில்துத்தம். செம்புல செஞ்ச உப்பு. தென்னைக்குப் பூச உரக்கடையில விக்கிறது. இதைத்தான தெனம் ஊத்துன?"

"பஸ்ஸுல வந்த அலுப்புல பூச்சி செத்திருக்கும்க்கா..."

"கொதிக்கிற ஆசிட்டுல பொழைக்கிற உயிரு, ஓங்கிட்ட வந்து பொழைக்க முடியலையாக்கும்?"

நாகராசு செக் புத்தகத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான். சந்தோஷ்குமார் பைக் சாவியைத் தேடினான். அமராவதி எடைச் சீட்டில் எழுதி அவன் கேனிலேயே ஒட்டிக் கொடுத்தாள்:

போட்டது பத்து கிலோ. எடுத்தது பத்து கிலோ. பூச்சி தின்றது இல்லை. ஆள் தின்றது வடை முப்பது, டீ பதினைந்து. பாக்கி.