இடது கன்னம்

கைப்பிடியில் துணியைச் சுற்றி, குறடால் இறுக்கிப் பிடித்துத் திருகினார் பெரியவர். அசையவில்லை. சோப்புக் கறையும் துருவும் சேர்ந்து ரேசரின் தட்டு இரண்டையும் ஒரே இரும்பாக்கியிருந்தன. அப்பாவின் ரேசர், அவருக்குப் பிறகு தம்பியிடம் வந்தது. அந்தத் தம்பி விடியற்காலையில் நெஞ்சு நின்று, உள்ளறைக் கட்டிலில் கிடந்தான், மூன்று மாதத் தாடியோடு.

பதினோரு மணிக்கு ஜனங்கள் வந்துவிடுவார்கள்.

"மச்சான், ஆளுங்க வர்ற நேரத்துல பாத்திரம் வெளக்குற மாதிரி உக்காந்திருக்கீங்களே," என்றான் தம்பி மனைவியின் அண்ணன். கையில் பிளாஸ்டிக் ரேசர். "இந்தாங்க, கடையில வாங்கிட்டேன். ரெண்டு இழுப்புல முடிஞ்சிரும்."

"எங்க வீட்டு ஆம்பளைங்க மூஞ்சில அதெல்லாம் பட்டதில்ல."

"பட்டா அவரு எந்திரிச்சு சண்டைக்கா வரப்போறாரு?"

"நான் வருவேன்."

அவன் ரேசரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தான்.

பெரியவர் கொதிநீரில் சோப்புத்தூளைக் கரைத்து ரேசரை ஊறப்போட்டார். சவரம் செய்யாமல் தெருவில் இறங்கியவர் அந்தக் குடும்பத்தில் கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அப்பா கண்ணாடி கேட்டு வாங்கினார். தம்பிதான் ஒருநாள் தாடியோடு பெரியவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். "பஞ்சப்பரதேசி மாதிரி நிக்கிறியே. இத எடுத்துட்டு என் வாசப்படி ஏறு," என்றார். "சோம்பேறித்தனம்ண்ணே," என்று சிரித்துவிட்டுப் போனான். பிறகு அவனும் வரவில்லை. அவரும் போகவில்லை.

தம்பி மனைவி தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தான், அவர அப்படியே விட்டுடுங்களேன்."

"தாடியோடயா? கடைசியா எல்லாரும் பாக்கப்போற மூஞ்சிம்மா. நான் அப்படி அனுப்ப மாட்டேன்."

அவள் குப்பியை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

மரையில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். மறுபடி திருகினார். உள்ளங்கை சிவந்தது. மூன்றாம் முறை 'கிரீச்' என்று இளகியது. உள்ளே பழைய பிளேடு தூள்தூளாகக் கழன்றது. பழைய பல்துலக்கியில் பற்பசை தடவித் தேய்த்து, ரேசர் தட்டின் பல் இடுக்கிலிருந்த வெள்ளைப் படிவை ஊசியால் கீறி எடுத்து, மூன்று துண்டுகளையும் துடைத்தார். பழைய மினுமினுப்பு வந்துவிட்டது. புது பிளேடு போட்டு முடுக்கினார்.

உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கத்தரியால் தாடியைக் குறைத்தார். நுரை தடவினார். இடது கன்னத்தில் முதல் இழுப்பு.

மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தான்தான் கீறிவிட்டோமோ என்று பதறிப் பார்த்தார். ரத்தமில்லை, ஆறிய தழும்பு. இன்னொரு இழுப்பு. அதனடியில் மூன்று. தாடையோரம் எண்ண முடியவில்லை. காதுக்குக் கீழே தையல் போட்ட தடம்.

துண்டோடு உள்ளே வந்த தம்பி மனைவி நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது?"

"கை நடுக்கம் அத்தான். ஒரு வருஷமா. தையக்கடையில ஊசிக்கு நூல்கூட நாந்தான் கோத்துக் குடுத்தேன். சவரத்த மட்டும் விடமாட்டேன்னாரு. காதுகிட்ட ஆழமா வெட்டிக்கிட்ட அன்னிக்குத்தான் விட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "தையக்காரனுக்குக் கை ஆடுதுன்னு வெளிய தெரிஞ்சா குடும்பத்துக்கே கேவலம்னாரு. அண்ணன் காதுக்குப் போகவே கூடாதுன்னாரு."

பெரியவர் ரேசரைத் தண்ணீரில் அலசினார். வெகுநேரம் அலசினார். பாதி முகத்தோடு நிறுத்த முடியாது. சுண்டுவிரலால் தோலை விரித்துப் பிடித்து, அழுத்தாமல், ரேசரின் கனத்திலேயே அதை இறங்கவிட்டார். ஒவ்வொரு தழும்பையும் சுற்றிப்போனார். வலது பக்கம் அவ்வளவு இல்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு அவரே கதவைத் திறந்தார்.

வெளியே செருப்புகள் கழலும் சத்தம். கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். மச்சான்காரன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவர் உட்காரவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். "இப்பதான் பழையபடி இருக்காரு," என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

பெரியவர் தலையசைத்தார். அவருடைய உள்ளங்கை தம்பியின் இடது கன்னத்தின் மேல் விரிந்திருந்தது. கடைசி ஆள் பார்த்துவிட்டுப் போகும்வரை அதை எடுக்கவில்லை.